பசலையும் தேமலும்

தமிழ் பயில்வார்க்குப் பசலை என்னும் சொல் புதியதன்று. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியெங்கும் ஒரு நிறமாய்ப் பரவி, அவள் எழிலைக் கவர்ந்துகொள்ளும் வெளுப்பே பசலை. திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் முழுதும் அதனைப் பற்றியதே. தேமல் என்பது வேறு. சுணங்கு என்றும் திதலை என்றும் சங்கப் புலவர் பாராட்டிய அது, மேனியில் புள்ளி புள்ளியாகவும் திட்டுத் திட்டாகவும் தோன்றுவது. முன்னது துயரின் குறி. பின்னது அழகின் குறி. இவ்விரண்டையும் தேர்வில் மாற்றி எழுதும் மாணவன் சில மதிப்பெண்களை இழப்பான், அவ்வளவே. ஆயின், பயிரின் இலையில் இவ்விரண்டையும் மாற்றிக் காண்பவன் ஒரு போகத்தின் பயனையே இழக்க நேரும் என்பதைச் சென்ற மாசித் திங்களில் யாம் நேரிற் கண்டோம். அவ்வனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

‘இலக்கியம் பயிலும் உமக்கும் இலையில் வரும் நோய்க்கும் என்ன உறவு?’ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டிடையே வந்து குடிபுகுந்தது. இக்காட்டின் மரஞ்செடி கொடிகளை ஆராய்ந்து போற்றியவருள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர் எட்வர்ட் பார்ன்சு. அவர் தாவரநூற் பேராசிரியர் அல்லர், வேதியியற் பேராசிரியர். தம் பாடத்தின் வேலியைத் தாண்டிச் செடிகளை நோக்க அவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அவர் உலாவிய நிழலில் வாழும் நமக்கும் அவ்வுரிமை உண்டன்றோ?

எம் விடுதித் தோழருள் ஒருவர் தாவரநூல் பயில்பவர். அவருடைய மாமன் முடிச்சூர் வழியாகப் படப்பைக்குச் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் உழவுத்தொழில் செய்கிறார். தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிப் பாசன நிலங்களுட் பல இன்று வீட்டுமனைகளாய்விட்டன. மதகு இருந்த இடத்தில் மதிற்சுவர் நிற்கின்றது. எஞ்சிய சில காணிகளுள் அவருடையதும் ஒன்று. சம்பா அறுத்த ஈரம் காயுமுன் உளுந்து தெளிப்பது அவர் வழக்கம். அவ்வுளுந்தை விற்று மகளின் படிப்புச் செலவைத் தீர்ப்பதாக அவர் எண்ணியிருந்தார். விடுமுறை நாளொன்றில் தோழருடன் யாமும் அங்குச் சென்றோம்.

வரப்பில் நின்று நோக்கியபோது கொல்லை ஆங்காங்கே மஞ்சள் பூத்தது போலத் தோன்றிற்று. உழவர் எம்மைக் கண்டதும், “தம்பி! பதினைந்து நாளாக இலை மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. மருந்து விற்கும் கடையில் சொன்னேன். முதலில் யூரியாவைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். பிறகு ஒரு தூளைக் கொடுத்தார். அதையும் இரண்டு முறை தெளித்தாயிற்று. பணம் போனதுதான் கண்ட பலன்” என்றார். அத்தூளின் உறையைத் தோழர் வாங்கிப் படித்தார். அது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து.

தோழர் செடியருகே மண்டியிட்டு அமர்ந்து, “மாமா! எந்த இலை முதலில் மஞ்சளாயிற்று? அடியிலையா, கொழுந்திலையா?” என்று கேட்டார். உழவர் சற்று எண்ணி, “மேலிலைதான்” என்றார். தோழர் ஓர் இலையைக் கொய்து வானத்தின் ஒளிக்கு எதிரே பிடித்தார். இலை முழுதும் மஞ்சளாயிருக்கவில்லை. பசுமையும் பொன்மஞ்சளும் சிறுசிறு திட்டுக்களாய்க் கலந்து கிடந்தன. அடுத்த செடியின் இலையை மெல்லத் திருப்பினார். அடிப்புறத்தில் எள்ளினும் சிறிய வெண்ணிறப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. விரல் பட்டதும் மாவு தூவினாற்போல எழுந்து பறந்தன. “வெள்ளை ஈ” என்றார் தோழர். களத்துமேட்டில் அமர்ந்திருந்த உழவரின் தாயார் அப்போது, “அது தேமல் விழுந்த செடியடா! அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் அன்றே பிடுங்கிப் போடுவோம்” என்றார். தோழரின் பாடநூலிலும் அந்நோயின் தமிழ்ப்பெயர் ‘மஞ்சள் தேமல்’ என்றே அச்சிடப்பட்டிருக்கின்றது. பாடநூல் பக்கம் பக்கமாய் விளக்கும் ஒன்றை அவ்வாயா ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

மஞ்சள் தேமல் ஒரு வைரசினால் வருவது. பூஞ்சணத்தைக் கொல்லும் தூள் அதனை ஒன்றும் செய்யாது. இந்நோய் 1955-ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்து வயல்களில் பாசிப்பயற்றின்மீது கண்டறியப்பட்டது. நரியானி என்னும் அறிஞர் 1960-இல் அதனை விளக்கி எழுதினார். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிய வெள்ளை ஈ நலமுற்ற செடிக்குப் பறந்து செல்லும்போது நோயையும் சுமந்து செல்கின்றது. நோய் புகுந்த செடியை மீட்கும் மருந்து இல்லை. தொடக்கத்திலேயே அச்செடியைப் பிடுங்கி அழித்தலும், வெள்ளை ஈயை மஞ்சள் ஒட்டுப்பொறி முதலியவற்றால் குறைத்தலும், நோய்க்குப் புகலிடமாகும் களைகளை நீக்கலும், நோய் தாங்கும் விதையைத் தெரிந்து விதைத்தலுமே வழி. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் அமைந்த தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அத்தகைய உளுந்து வகைகளை வெளியிட்டுள்ளது. இவ்வாறாக, ஆயா சொன்ன ‘பிடுங்கிப் போடுதல்’ வெறும் பழக்கமன்று. இன்றைய அறிவியலும் அதனையே முதற்கண் வைக்கின்றது.

ஆயின், அன்று காலம் கடந்துவிட்டது. கொல்லையில் பாதிக்கு மேற்பட்ட செடிகளில் தேமல் படர்ந்திருந்தது. எஞ்சிய செடிகளைக் காக்க வேண்டி நோயுற்றவற்றை யாம் அனைவரும் சேர்ந்து மாலைவரை பிடுங்கினோம். உழவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தாமே தெளித்து முளைக்கக் கண்ட செடியைத் தம் கையாலேயே பிடுங்குவது எத்துணைக் கொடிது என்பது அவர் முகத்திற் புலனாயிற்று.

விடுதிக்குத் திரும்பிய பின்னும் எம் நெஞ்சை ஒரு வினா விட்டபாடில்லை. அறிவும் முயற்சியும் மிக்க அவ்வுழவர் எங்கே இடறினார்? கடைக்காரர்தாம் எங்கே இடறினார்? ‘மஞ்சள்’ என்னும் ஒரு சொல்லே இருவருக்குமிடையே சென்றது. மஞ்சள் நோயின் பெயரன்று. பல குறைகளுக்கும் பல நோய்களுக்கும் பொதுவானதொரு குறி. அப்பொதுச் சொல்லைக் கேட்டவர் தாம் நினைத்த மருந்தைத் தந்தார். ‘தேமல்’ என்னும் சிறப்புச் சொல் அக்கடைவரை சென்றிருந்தால் அத்தூள் வாங்கப்பட்டிராது. பதினைந்து நாளும் வீணாகியிரா.

இங்கே தமிழ் மாணவர் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓலையும் மடலும் ஈர்க்கும் புல்லுக்குரியன என்றும், தளிரும் முறியும் இலையும் மரத்துக்குரியன என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறுகின்றது. இலையின் பருவங்களையும் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என நம் மொழி பிரித்து வழங்குகின்றது. இவை வெறும் சொல்லலங்காரம் என்று யாம் முன்னர் எண்ணியிருந்ததுண்டு. பயிர்நோயைக் காண்பதற்கு இப்பகுப்பே முதற்கருவி என்பதைத் தோழர் விளக்கினார்.

பயிருக்குத் தழைச்சத்துக் குறைந்தால், அது முதிர்ந்த இலையிலுள்ள சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகின்றது. ஆதலின் பழுக்கும் பருவத்து அடியிலையே முதலில் வெளுக்கும். அவ்வெளுப்பும் இலை முழுதும் ஒரே சீராய்ப் பரவும். இரும்புச்சத்தோ அங்ஙனம் இடம்பெயர வல்லதன்று. அது குறைந்தால் கொழுந்தே வெளுக்கும். நரம்புகள் மட்டும் பசுமை மாறாதிருக்கும். தேமலும் கொழுந்திலேதான் தோன்றும். ஆயின் அது நரம்பென்றும் இடைவெளியென்றும் பாராது திட்டுத் திட்டாய் விழும். ஒருசீராய்ப் பரவும் வெளுப்பைப் பசலை என்றும், திட்டாய் விழுவதைத் தேமல் என்றும் கொண்டால் நம் இலக்கியச் சொற்களே வயலிலும் வழிகாட்டுகின்றன. பசலைக்கு உணவு மருந்தாகும், தேமலுக்கு ஆகாது. தலைவியின் பசலையைத் தலைவனின் வரவு தீர்ப்பது போலப் பயிரின் பசலையை உரத்தின் வரவு தீர்க்கும் என்று கூறித் தோழரை நகைக்கச் செய்தோம்.

அதன்பின் ஞாயிறு மாலைகளில் யாம் இருவரும் ஒரு பூதக்கண்ணாடியும் குறிப்பேடும் கொண்டு அவ்வயற்புறங்களில் உலாவத் தொடங்கினோம். கண்டவற்றை நான்கு வினாக்களில் அடக்கினோம். நோய் எந்தப் பருவத்து இலையில் தொடங்கிற்று? புள்ளியின் வடிவும் விளிம்பும் எத்தகையன? இலையின் அடிப்புறத்தில் இருப்பது யாது? கொல்லை முழுதும் ஒன்றாய் வந்ததா, அங்கொன்றும் இங்கொன்றுமாய் வந்ததா? நான்காம் வினாவுக்கு விடை காணச் செடியை விட்டு எழுந்து வரப்பின்மேல் நிற்கவேண்டும். சத்துக் குறையோ உவரோ ஆயின் பெரும்பாலும் பரப்பு முழுதும், அன்றிப் பள்ளமான ஒரு பகுதி முழுதும் ஒருங்கே வாடும். பூச்சி சுமந்து வரும் நோயாயின் சிதறித் தோன்றிப் பின்னர்ப் பெருகும்.

சம்பாப் பருவத்தில் நெல்லை நோக்கியபோது இவ்வினாக்கள் பெரிதும் உதவின. குலை நோயின் புள்ளி இருமுனையும் கூர்ந்து, நடுவே அகன்று, கண்ணைப் போன்றது. நடுவிடம் சாம்பல் நிறம், விளிம்பு பழுப்பு. தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலில் அது மிகும். செம்புள்ளி நோயின் புள்ளியோ எள்ளின் வடிவும் அளவும் கொண்டது. சத்துக் குன்றிய நிலத்தில் மிகுவது. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கருதி உரமிடுபவர் குலை நோய்க்கு விருந்திடுபவர் ஆவர். இலையின் நுனியிலிருந்து ஓரத்தின் வழியே அலையலையாய் வைக்கோல் நிறம் இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல் எனலாம். ஐயம் தீர எளிய சோதனை ஒன்றுண்டு. நோயுற்ற இலையை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கலங்கல் இழையாய் இறங்கும். அவ்விழை கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் திரள். பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளானால் துங்ரோ நோயை ஐயுறவேண்டும். பச்சைத் தத்துப்பூச்சி அதனைப் பரப்புகின்றது. ‘துங்ரோ’ என்பது பிலிப்பைன் தீவுகளில் வழங்கும் மொழியொன்றில் குன்றிய வளர்ச்சியைக் குறிக்கும் சொல்லாம். அந்நாட்டு உழவரும் கண்டதைக் கண்டவாறே பெயராக்கியிருக்கின்றனர்.

எம் வீட்டிற் படிக்கும் தமிழ் வேதாகமத்தில் உபாகமம் 28-ஆம் அதிகாரத்திலும் ஆமோஸ் 4-ஆம் அதிகாரத்திலும் ‘கருக்காய்’, ‘விஷப்பனி’ என்னும் இரு சொற்கள் வருகின்றன. இளமை முதல் கேட்டும் பொருளை எண்ணாது கடந்த சொற்கள் அவை. பயிரைக் கெடுக்கும் பூஞ்சணத்தை மொழிபெயர்ப்பாளர் விஷப்பனி என்று குறித்தது, பனியே நஞ்சாகிப் பயிரை வாட்டுகின்றது என்று நம்பிய காலத்தின் எச்சமாகலாம். மார்கழி விடியலில் நெல்லின் தாளில் முத்து முத்தாய் நிற்கும் பனியைக் கண்டபோது அச்சொல் நினைவுக்கு வந்தது. பனி நஞ்சன்று. ஆயினும் இலையின் ஈரம் சில மணி நேரம் உலராதிருந்தாலன்றிக் குலை நோயின் வித்து முளைப்பதில்லை. குற்றம் செய்தது பனியன்று. குற்றவாளிக்குப் பாய் விரித்தது பனி. பழம்பெயர் பாதி உண்மையைக் கண்டது. மறுபாதியைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

இலைப்புள்ளி ஒன்று நாட்டின் வரலாற்றையே மாற்றவல்லது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1942-ஆம் ஆண்டில் வங்கத்து நெல்லைச் செம்புள்ளி நோய் சூறையாடிற்று. அடுத்த ஆண்டில் எண்ணற்றோரைக் கொன்ற பஞ்சத்திற்குப் போரும் விலையேற்றமும் ஆட்சியாளரின் தவறுகளும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவற்றோடு இந்நோயும் ஒரு காரணமென்று பயிர்நோயறிஞர் பத்மநாபன் 1973-இல் எழுதினார்.

தமிழரை இன்னும் அணுக்கமாகத் தொட்ட கதை இலங்கையினது. அங்கே 1869-ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலைகளில் ஒரு புதிய நோய் காணப்பட்டது. இலையின் மேற்புறத்தில் மங்கிய மஞ்சட் புள்ளி; அடிப்புறத்தைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத் தூள். அதுவே காப்பித் துரு நோய். 1880-ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இளம் அறிஞர் மார்ஷல் வார்டு, அத்தூள் பூஞ்சணத்தின் வித்தென்றும், ஈரம்பட்ட இலையில் அது முளைத்து இலைத்துளைகளின் வழியே உட்புகுகின்றதென்றும் நிறுவினார். ஆயினும் அதற்குள் மலைச்சரிவெங்கும் ஒரே காப்பிப் பயிராயிருந்த தோட்டங்கள் காக்க முடியாத நிலையை எய்திவிட்டன. காப்பி அழிந்த இடத்தில் தேயிலை எழுந்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ள வேண்டும். பருவந்தோறும் கடல் கடந்து சென்று மீண்ட தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கேயே தங்கித் தலைமுறை தலைமுறையாய் வாழ நேர்ந்தமைக்கு இம்மாற்றம் ஒரு பெருங்காரணம். மலையகத் தமிழரின் வரலாற்றில் ஓர் இலையின் அடிப்புறத்துத் தூளுக்கும் பங்குண்டு என்பதை எண்ணும்போது வியப்பும் துயரும் ஒருங்கே தோன்றுகின்றன.

இது பழங்கதையென்று கருதற்க. சோயா மொச்சையைத் தாக்கும் மற்றொரு துரு நோய் ஆசியாவிலிருந்து பரவி, 2001-இல் தென் அமெரிக்காவிலும் 2004-இல் வட அமெரிக்காவிலும் காணப்பட்டது. நம் நாட்டின் நடுப்பகுதியில் பெரும்பரப்பிற் பயிராகும் சோயாவில் மஞ்சள் தேமலும் தோன்றுகின்றது. படப்பைப் பக்கத்து உளுந்தைக் கெடுத்த வைரசுக்கு நெருங்கிய உறவான வைரசே அங்கும் பகை. வெள்ளை ஈயே அங்கும் தூது. ஆதலின் உளுந்திலையை ஊன்றி நோக்கக் கற்றவர் சோயா இலையின் முன்னும் முற்றும் புதியவராய் நிற்கமாட்டார்.

இக்காலத்தில் இலையைப் படம் பிடித்துக் கைப்பேசியிடம் காட்டினால் அது நோயின் பெயரைச் சொல்லுகின்றது. அதனை யாம் இகழ்ந்திலோம். பலமுறை பயன்படுத்தியும் இருக்கின்றோம். ஆயின், அதற்குக் காட்டும் இலையைத் தெரிந்தெடுப்பது நம் கண்ணே. இலையைத் திருப்புவதும், அடியிலையா கொழுந்தா என்று வினவுவதும், வரப்பின்மேல் ஏறி நின்று கொல்லை முழுவதையும் நோக்குவதும் நம் வேலையே. அது சொல்லும் பெயரை முடிவாகக் கொள்ளாது ஐயத்தின் தொடக்கமாகக் கொண்டு, காட்டுப்பாக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ அவ்வவ்வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்தாரிடமோ செடியை வேரோடு காட்டி உறுதி செய்தலே நன்று.

அன்புள்ள மாணவத் தோழர்காள்! நோய்க்கு மருந்து காண்பது எம்மனோர்க்கு இயலாது. அதற்குப் பெயர் காண்பதில் நமக்கும் பங்குண்டு. சிற்றூர்களில் முதியோர் நாவில் இன்னும் வழங்கும் இலைநோய்ச் சொற்கள் எத்துணையோ! கடைக்கு மஞ்சள் என்னும் ஒரு சொல் போதுமென்றாகிவிட்ட நாளில் அவை ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. யாம் தொடங்கிய குறிப்பேட்டில் இதுவரை நாற்பத்திரண்டு சொற்களைத் திரட்டியிருக்கின்றோம். ஒவ்வொன்றின் எதிரேயும் அச்சொல்லை வழங்கியவர் காட்டிய இலையைத் தோழர் உலர்த்தி ஒட்டி, நூற்பெயரையும் எழுதி வருகின்றார். சில சொற்களுக்கு நேரான நோய் இன்னும் துணியப்படவில்லை. அவற்றின் எதிரே இடம் விட்டிருக்கின்றோம். உங்கள் ஊரில் இத்தகைய சொற்களைக் கேட்டால், இலையோடு கொண்டுவந்து எம்மிடம் தருக. வரும் தை அறுவடைக்குப் பின் அவ்வுழவர் மீண்டும் உளுந்து தெளிக்க இருக்கின்றார். இம்முறை வம்பன் விதைக்குச் சொல்லி வைத்திருக்கின்றார். விதை முளைத்து மூன்றிலை விடும் நாளிலிருந்து வாரந்தோறும் சென்று கொழுந்தை நோக்குவதாக யாம் வாக்களித்திருக்கின்றோம். உடன்வர விரும்புவோர் வருக. முடிச்சூர்ப் பேருந்து காலை வேளையில் அடிக்கடி உண்டு.